மழைக்கு நடத்திய பாடம்

பாகூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை... புழுதியைக் கிளப்பிவிட்டு, அடுத்த நொடியே அதை அடக்கிப் போட்டு, சடசடவென்று கொட்டியது. கோகிலாம்பாள் கைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி, சாலையோரத்து வண்டிக் கொட்டகை ஒன்றுக்குள் நுழைந்தாள்.

உள்ளே ஆள் நடமாட்டம் இல்லை. மாடு அவிழ்த்துவிட்ட ஒரு கூண்டு வண்டி, கொஞ்சம் வைக்கோல், எதிரே ஒரு வெள்ளைச் சுவர். சுவரைப் பார்த்ததும் மறுநாள் நடத்த வேண்டிய பாடம் நினைவுக்கு வந்தது. ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டால் என்ன? இந்த மழையில் யார் கேட்கப் போகிறார்கள்...

சுவரைக் கரும்பலகையாக வைத்துக்கொண்டாள். விரலால் எழுதினாள். கல்லூரியில் நடத்துவதைப் போலவே இங்கிலீஷில், நிறுத்தாமல், மூச்சு விடாமல் சொன்னாள். குழாய் குறுகும் இடத்தில் தண்ணீரின் வேகம் கூடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. ஆகவே, கீழ்க்கண்ட சமன்பாடு...

"செவுத்துக்குப் புரிஞ்சிருக்கும்."

திடுக்கிட்டுத் திரும்பினாள். வண்டிக்குப் பின்னால் வைக்கோல் மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கறுத்த முகம். உதடு சிரிப்பதற்கு முன்பே கண்கள் சிரித்துவிட்டன.

"எனக்குத்தான் ஒண்ணும் புரியல மிஸ்."

"உங்களுக்கா நான் சொன்னேன்? ஒட்டுக் கேக்கறது நல்ல பழக்கமா?"

"நான் முன்னாடியே இங்கதான் உக்காந்திருந்தேன். நீங்கதான் பார்க்கல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "யாராவது இருக்காங்களான்னு நீங்க பார்க்கவே இல்ல."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. கொட்டும் மழையில் அப்படியே இறங்கி நடந்துவிட்டாள்.

என்ன திமிர்...! ஆனால் அந்தக் கண்கள் ஏன் கூடவே வருகின்றன?

*

கோகிலாம்பாள் வில்லியனூர் இரும்புக் கடை சுப்பராயலுவின் ஒரே மகள். சென்னைக்குப் போய் இயற்பியல் படித்துத் தங்கப் பதக்கத்தோடு திரும்பியவள். பாண்டிச்சேரியில் புதிதாகத் தொடங்கிய ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலையும் கிடைத்தது. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி ஆறு வருஷம் ஆகியிருந்த நேரம் அது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளும் தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளும் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இங்கிலீஷில் பாடம் கேட்டார்கள். கேட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வருஷ முடிவில் அவள் வகுப்பில் பாதிப் பேர் தேறவில்லை.

முதல்வர் சத்தம் போடவில்லை. பாகூரில் கோடை விடுமுறையில் ஒரு முகாம் நடக்கிறது, அறிவியலும் பொறியியலும் நடத்துகிற கல்லூரி ஆசிரியர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று பயிற்சி தருகிறார்கள், போய் வாருங்கள் என்றார். உங்கள் வேலையை உறுதி செய்வதை அதற்கு அப்புறம் பார்ப்போம் என்று அதே குரலில் சேர்த்துக்கொண்டார்.

அப்பாவுக்கு இது சிரிப்பாக இருந்தது. "வாத்தியாருக்கே வாத்தியாரா? இன்னாடி கூத்து இது! வேலை போனா போவட்டும் கோகிலா. திண்டிவனத்துல ஒரு நல்ல எடம் காத்துக்கினு இருக்குது."

அந்த நல்ல இடத்துக்குப் பயந்துதான் அவள் பஸ் ஏறினாள்.

முகாம் பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பல கல்லூரிகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். நடத்தியவர் பேராசிரியர் உலகநாதன். அவர் வைத்திருந்த விதி எளிமையானது. ஒருவர் பாடம் நடத்த வேண்டும், மற்றவர்கள் மாணவர்களாக உட்கார வேண்டும். முடிந்ததும் குறை சொல்லக் கூடாது, பாராட்டக் கூடாது. தனக்கு என்ன புரிந்தது என்று மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை கோகிலாம்பாள் மேடை ஏறியபோது மூன்றாவது வரிசையில் அதே கண்கள்! அவசரமாகப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாடம் முடியும் வரை திரும்பவே இல்லை. சமன்பாடு ஒரு பிசிறு இல்லாமல் வந்து முடிந்தது.

ஒவ்வொருவரும் மரியாதைக்கு எதையோ சொன்னார்கள். அவன் முறை வந்தது. கடலூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் விரிவுரையாளர், பெயர் ஆதிமூலம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியல சார்."

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"எனக்கு அந்தச் சமன்பாடு தெரியும். ஆனா தெரியாத பையனா உக்காந்து கேட்டேன். நான் பிரெஞ்சுல படிச்சவன். காலேஜ் முதல் வருஷம் பூரா வாத்தியாரோட முதுகைத்தான் பார்த்துக்கினு இருந்தேன். இன்னிக்கும் அதையேதான் பார்த்தேன்."

கோகிலாம்பாளுக்குக் காது இரண்டும் கொதித்தன. அழக் கூடாது... இவன் எதிரில் அழவே கூடாது!

*

இரண்டு நாள் கழித்து அவன் முறை வந்தது. படகு ஏன் மிதக்கிறது என்பதுதான் பாடம். மூர்த்திக்குப்பத்துக்காரன், அப்பா கடலுக்குப் போகிறவர், கேட்க வேண்டுமா? முதல் தடவை படகு ஏறிய கதையைச் சொன்னான். வலையோடு சேர்ந்து தானும் தண்ணீரில் விழுந்ததை நடித்தே காட்டினான். உலகநாதன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கோகிலாம்பாளும் சிரித்துவிட்டாள். சிரித்ததை அவன் பார்த்துவிட்டான் என்பதுதான் கஷ்டம்.

எல்லாரும் படகுக் கதையைத் திருப்பிச் சொன்னார்கள். அவள் முறை வந்ததும் எழுந்தாள்.

"நான் ஒரு கேள்வி கேக்கலாமா சார்? ஏரியில ஒரு படகு நிக்குது. படகுக்குள்ள ஒரு இரும்பு நங்கூரம். அதைத் தூக்கி ஏரிக்குள்ள போட்டுட்டா ஏரித் தண்ணி மட்டம் ஏறுமா, இறங்குமா?"

"ஏறும்!" என்றார்கள் பாதிப் பேர். "மாறாது" என்றார்கள் சிலர். கொஞ்சம் முன்னால்வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்த வகுப்பு குழம்பிப் போய் முழித்தது.

ஆதிமூலத்தின் கண்களில் இருந்த சிரிப்பு அணைந்துவிட்டது.

"இறங்கும்" என்றான் மெதுவாக. "படகுல இருக்கிறப்போ நங்கூரம் தன்னோட எடைக்குச் சமமான தண்ணியை ஒதுக்கும். மூழ்கினா தன்னோட பருமன் அளவுக்குத்தான். மிதப்புல முக்கியமே அதான்..." நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "அதை நான் சொல்லித்தரவே இல்ல. சிரிக்க வெச்சேன். அவ்வளவுதான் செஞ்சேன்."

சண்டைக்குத் தயாராக நின்றவள் அப்படியே நின்றுபோனாள். இத்தனை பேர் எதிரில் இவ்வளவு சுலபமாக ஒருவன் தன் தவற்றை ஒப்புக்கொள்வானா... தானாக இருந்தால் செய்திருப்போமா என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்கவே பிடிக்கவில்லை.

அன்று மாலை உலகநாதன் இருவரையும் கூப்பிட்டார். முகாமின் கடைசியில் நிஜ மாணவர்களுக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும், இருவரும் சேர்ந்து அதைத் தயார் செய்யுங்கள் என்றார். மாணவர்கள் யார் என்று சொன்னதும் கோகிலாம்பாளுக்குத் தலை சுற்றியது. அவளுடைய கல்லூரியில், அவளுடைய பாடத்தில் தேறாமல், செப்டம்பரில் மறுபடி எழுதப் போகிற ஏம்பலம், உறுவையாறு பக்கத்துப் பிள்ளைகள்!

*

"நான் கதை சொல்றேன், நீங்க கணக்குப் போடுங்க" என்றான் ஆதிமூலம்.

"அது பாடம் இல்ல. மோர்ச்சாதத்துல பாயசம் ஊத்தற மாதிரி."

"அப்ப இன்னாதான் செய்யலாங்கறீங்க?"

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவள் நெடுநேரம் யோசித்தாள். அவனுக்குப் புரியவில்லை, சரி. தனக்கு மட்டும் இந்தப் பாடம் முதல் தடவையே புரிந்ததா? இல்லையே... குறுகின இடத்தில் நெருக்கடி, அதனால் அழுத்தம் கூடத்தான் வேண்டும் என்றுதானே தானும் நினைத்தாள். அது தப்பு என்று தெரிந்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லையே!

"சார்... நாம எதையும் சொல்ல வேணாம்" என்றாள் திடீரென்று. "முதல்ல கேக்கலாம். படுக்க வெச்ச குழாய்ல, அகலமான எடத்துல நேரா நிக்கற மாதிரி ஒரு சின்னக் குழாய், குறுகின எடத்துல அதே மாதிரி ஒண்ணு. எதுல தண்ணி ஒசரமா ஏறும்? கை தூக்கச் சொல்லலாம். எல்லாரும் தப்பாத்தான் தூக்குவாங்க. அப்புறம் தண்ணியைத் திறந்து விடலாம்."

அவன் அவளையே பார்த்தான். "அப்புறம்?"

"அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. அவங்களே கேக்கற வரைக்கும் காத்திருக்கணும்."

"பேசாம நிக்கறதா? என்னால முடியாதே மிஸ்!"

"என்னாலயுந்தான் முடியாது. மூஞ்சிகளைப் பார்த்துக்கிட்டு நிக்கணுமே..." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. "எனக்குப் பயமா இருக்கும் சார். அதான் பலகையைப் பார்க்கறேன். திமிர்னு நினைச்சிருப்பீங்க."

"நினைச்சேன்" என்றான் அவன். "தப்பா நினைச்சிருக்கேன்."

கண்ணாடிக் குழாயை விளக்குத் தீயில் காட்டி, ஊதி, இழுத்துக் குறுக்கினார்கள். ஒன்று உடைந்தது. இன்னொன்று கோணிக்கொண்டது. மூன்றாவதில் அவள் விரலைச் சுட்டுக்கொண்டபோது அவன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினான். இருவரும் ஒருசேரக் கையை உதறிக்கொண்டார்கள். அதற்கப்புறம் வெகுநேரம் குழாயைப் பற்றி மட்டுமே பேசினார்கள்... குரல் மட்டும் மாறிப்போயிருந்தது.

ஒருநாள் கடைத்தெரு வழியாக வரும்போது எதிரே ஒரு அம்மாள் மீன்கூடையோடு வந்தாள். ஆதிமூலம் வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடிப் போய்க் கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். "எங்க அம்மா, குப்பு" என்றான். அந்த அம்மாள் கோகிலாம்பாளை மேலும் கீழும் பார்த்தாள். "வாத்தியாரம்மாவா? இவன் பேச்சுல மயங்கிடாத தாயி. நாலு ஆள் பேச்சு பேசுவான்."

கோகிலாம்பாள் குனிந்து சிரித்தாள். எச்சரிக்கை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

*

முகாமின் கடைசிப் பாடத்தை ஆதிமூலம்தான் தொடங்கினான். ஊரைக் கேட்டு, பேரைக் கேட்டு, பிள்ளைகளைப் பேச வைத்தான். கோகிலாம்பாள் குழாயின் பக்கத்தில் நின்று கேள்வியை வைத்தாள். எல்லாக் கைகளும் குறுகலான இடத்துக்கே உயர்ந்தன.

தண்ணீரைத் திறந்துவிட்டாள். அகலமான இடத்தில் நின்ற சின்னக் குழாயில் தண்ணீர் விறுவிறுவென்று ஏறியது. குறுகலான இடத்தில் தாழ்ந்து, தாழ்ந்தே நின்றது.

வகுப்பில் சத்தம் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த விரிவுரையாளர்கள் கழுத்தை நீட்டினார்கள். கோகிலாம்பாளின் கை தன்னால் சாக்குக்கட்டியைத் தேடியது. வேண்டாம்... அவள் முகங்களைப் பார்த்தாள். வருஷம் முழுக்கத் தன் எதிரில் உட்கார்ந்திருந்த முகங்கள். இவனுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு. இவள் மூக்குத்தி போட்டிருக்கிறாள். இதையெல்லாம் இப்போதுதானே பார்க்கிறேன்!

ஏம்பலத்துச் சின்னபொண்ணு எழுந்தாள். வருஷம் முழுக்க வாயே திறக்காத பெண். "மிஸ்... அங்க போறப்ப தண்ணி வேகமா போவுதுல்ல? அந்த வேகம் எங்கேந்து வந்துச்சு?"

பதில் நாக்கு நுனியில் நின்றது. கோகிலாம்பாள் அதை விழுங்கினாள். "நீயே சொல்லேன்..."

சின்னபொண்ணு குழாயையே பார்த்தாள். பக்கத்துப் பெண்ணோடு குசுகுசுத்தாள். தலையை உதறினாள். மறுபடி பார்த்தாள். "யாராவது பின்னாலேந்து தள்ளணும்... மிஸ்! அகலமான எடத்துல அழுத்தம் ஜாஸ்தி. அதான் தள்ளுது! இங்க கம்மியா இருந்தாத்தானே தள்ள முடியும்?"

வகுப்பே எழுந்துவிட்டது. ஆளுக்கு ஆள் பேசினார்கள். இங்கிலீஷ், தமிழ், நடுவில் பிரெஞ்சு... கோகிலாம்பாளின் கண் நிறைந்துவிட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே ஆதிமூலத்தைத் தேடினாள். அவன் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

நிறைவு விழாவுக்குக் கொம்யூன் பஞ்சாயத்துப் பெரியவர்கள் வந்திருந்தார்கள். ஊர்க்காரர்களும் நின்றார்கள். உலகநாதன் பேசினார். இப்படிப்பட்ட பயிற்சியை வருஷம் முழுக்க நடத்தப் பாண்டிச்சேரியில் ஒரு பிரிவு தொடங்கப் போவதாகச் சொன்னார்.

"அந்தக் குழாய்ப் பாடத்தை நீங்கள் பார்த்தீர்கள். என்ன கற்பனை! பாடத்தை உருவாக்கிய ஆதிமூலம்தான் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பேற்கப் போகிறார். உதவியாக இருந்த கோகிலாம்பாளுக்கும் நன்றி."

கைதட்டல் எழுந்தது. கோகிலாம்பாள் ஆதிமூலத்தைப் பார்த்தாள். சொல்வான்... இப்போது சொல்வான். எந்த இடத்திலும் பேச்சுக்குப் பஞ்சம் இல்லாதவன்.

ஆதிமூலம் தலை குனிந்துகொண்டான். மாலையை வாங்கிக்கொண்டான். ஒரு வார்த்தை பேசவில்லை.

விழா முடியும் முன்பே அவள் வில்லியனூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். பாராட்டு போனது பெரிதில்லை. பலகையை விட்டுத் திரும்பி, பயத்தை விட்டு, முதன்முதலாக நம்பிப் பார்த்த முகம்... அது குனிந்துகொண்டதே!

*

ஒரு வாரம் போனது. கல்லூரியிலிருந்து தகவல் இல்லை. திண்டிவனத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக அப்பா சொன்னார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட உள்ளே போனார். அவள் கடையில் உட்கார்ந்தாள். வெளியே மழை. வாசல் மறைந்தது போலத் தெரிந்து நிமிர்ந்தாள். தொப்பலாக நனைந்து ஆதிமூலம் நின்றான்.

"இன்னா வேணும்?" என்றாள், எழுந்திருக்காமல்.

"ஆணி..."

"எத்தனை அங்குலம்?"

"எதுவா இருந்தாலும் சரி."

அவள் ஆணிப் பெட்டியைத் திறக்கவில்லை. அவன் வாசல்படியிலிருந்தே சொன்னான்.

"உலகநாதன் சாரையும் உங்க முதல்வரையும் போய்ப் பார்த்தேன். கேள்வி உங்களோடது, காத்திருந்தது நீங்க, நான் பசங்களைப் பேச வெச்சேன், அவ்வளவுதான்னு சொன்னேன். அந்தப் பொறுப்பு எனக்கு வேணாம்னுட்டேன். சார் ரொம்ப வருத்தப்பட்டாரு. அந்தப் பொறுப்பு இனி உங்களுக்குத்தான். நாளைக்கு ஆள் அனுப்பறாரு."

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"கூட்டத்துக்குப் பின்னால அம்மா நின்னுக்கினு இருந்தா. கூடையைக் கீழே வெச்சிட்டு... என் பேரைச் சொல்லிக் கைதட்டறதை அவ கேட்டதே இல்ல. அவ மூஞ்சியைப் பார்த்ததும் வாய் வரல. அது காரணம்தான் கோகிலா. நியாயம் இல்ல. அம்மாகிட்டயும் உண்மையைச் சொல்லிட்டேன்."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"'அந்தப் பொண்ணு எழுந்து போனப்பவே எனக்குத் தெரியும்டா, நீ ஏன் இன்னும் இங்க நிக்கறே'ன்னு தொரத்தி வுட்டுட்டா."

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அவன் முதல் தடவையாகத் தன்னை 'மிஸ்' என்னாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டான் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

"இதைச் சொல்லத்தான் மழையில வந்தீங்களா?"

"இதுக்கு மட்டும் இல்ல..." நாலு ஆள் பேச்சு பேசுகிறவன் திணறினான். "ஒரு வாரமா எதைப் பேசினாலும் நீங்க சிரிக்கிறீங்களான்னு தேடறேன். நீங்க அங்க இல்ல. அதுக்கப்புறம் பேசவே பிடிக்கல. எனக்கு... வாழ்நாள் பூரா உங்க பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மழை ஓட்டுக்கூரையில் இரைந்தது. கோகிலாம்பாள் எழுந்து நின்றாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இல்லாட்டி அவ்வளவு கோவம் வந்திருக்காது."

"யாரை?"

கேட்டது அவன் இல்லை. உள்வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு அப்பா நின்றார்.

அவள் முகம் வெளுத்தது. ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை. "இவரைப்பா. ஆதிமூலம். மூர்த்திக்குப்பம். எஞ்சினீயரிங் காலேஜ்ல வாத்தியார். இவங்க அம்மா பாகூர்ல மீன் விக்கிறாங்க. திண்டிவனத்துக்காரங்களை வர வேணாம்னு சொல்லிடுங்க. நான் இவரைத்தான் கட்டிக்கப் போறேன்."

சுப்பராயலு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தெருவைப் பார்த்தார். எதிர்க்கடைக்காரன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையும் பார்த்தார்.

"ஊர்ல இன்னா பேசுவாங்க தெரியுமாடி?"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு வாசலில் சொட்டச் சொட்ட நிற்பவனைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, தோளில் கிடந்த தன் துண்டை உருவி அவன் பக்கம் வீசினார்.

"தலையைத் துவட்டுப்பா. கடையெல்லாம் ஈரம் பண்ணிக்கினு..."

ஆதிமூலம் துண்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.